நடுப்பத்தியில் எழுதுவது

உதகையில் தண்ணீர் 93 டிகிரியை எட்டுவதற்குச் சற்று முன்பே கொதித்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். மேலிருந்து அழுத்தும் காற்று குறைவு, ஆகவே தண்ணீர் ஆவியாகப் பொங்குவதற்கு அவ்வளவு சூடு வேண்டியதில்லை. அங்கே அடுப்படியில் நிற்கும் யாருக்கும் இது தெரியும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பை வேகவைக்கப் போனால் சிலிண்டர்தான் காலியாகும். குன்னூரில் 94, கூடலூரில் 96க்கும் 97க்கும் இடையில், மலையிறங்கி மேட்டுப்பாளையம் சேர்ந்தால் 99. ஒரு பகல் பேருந்துப் பயணத்துக்குள் தண்ணீர் நான்கு விதமாகக் கொதிக்கிறது. ஆனால் மலைப் பள்ளிகளில் நான் திருத்திய ரெக்கார்டு நோட்டுகளில் அது எப்போதும் 100 டிகிரியில்தான் கொதித்தது. தெர்மாமீட்டரைக் கையில் பிடித்து 93ஐக் கண்ணால் பார்த்த பிள்ளையும் 100 என்றே எழுதியிருக்கும். கேட்டால், "தெர்மாமீட்டர் ரிப்பேர் சார்" என்று பதில் வரும்.

வேதியியல் ரெக்கார்டில் மூன்று பத்திகள் உண்டு. என்ன செய்தோம், என்ன பார்த்தோம், அதிலிருந்து என்ன தெரிகிறது. முதலாவதும் மூன்றாவதும் கையேட்டிலேயே அச்சாகி இருக்கின்றன. நடுப்பத்தி ஒன்றுதான் அந்த மேசைக்கும் அந்தக் காலைப்பொழுதுக்கும் அங்கே நிற்கும் பிள்ளைக்கும் உரியது. அதையும் கையேட்டைப் பார்த்தே நிரப்பிவிடுகிறோம். சமவெளியில் இந்தத் தில்லுமுல்லு அவ்வளவாகத் தெரியாது. கையேடு எழுதியவர் ஊரும் படிப்பவர் ஊரும் ஏறக்குறைய ஒரே தட்பவெப்பம். நீலகிரியில் கையேட்டுக்கும் கண்ணுக்கும் அடிக்கடி தகராறு வரும். அறிவியல் கற்பிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான். அந்தத் தகராறை நாம் தீர்க்கும் விதம்தான் சரியில்லை. எப்போதும் கையேட்டின் பக்கமே தீர்ப்பு.

மதிப்பெண்ணுக்கும் இதில் பங்குண்டு. மேல்நிலையில் நூற்றுக்கு எழுபது எழுத்துத் தேர்வு, இருபது செய்முறை, பத்து அகமதிப்பீடு. அந்த இருபதில் எந்தப் பிள்ளைக்கும் குறையக்கூடாது என்பது பெரும்பாலான பள்ளிகளில் பேசாமலே புரிந்துகொண்ட ஏற்பாடு. குறையக்கூடாதென்றால் விடை முன்பே தெரிந்திருக்க வேண்டும். விடை தெரிந்த பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஆனாலும் மலை சும்மா இருப்பதில்லை. கிளேசியல் அசிட்டிக் அமிலம் என்று ஒரு பாட்டில் எல்லா ஆய்வகங்களிலும் இருக்கும். 16.6 டிகிரிக்குக் கீழே போனால் பனிக்கட்டிபோல் உறைந்துவிடும், அதனால் அந்தப் பெயர் என்று பாடம் சொல்லும். சென்னைப் பிள்ளை இதை மனப்பாடம் செய்யும். உதகைப் பிள்ளை மார்கழி, தை மாதங்களில் காலை முதல் பீரியடுக்கு வந்து அலமாரியைத் திறந்தால், பாட்டிலுக்குள் அமிலம் கெட்டியாகி ஊசி ஊசியாகப் படிகம் கட்டி நிற்கும். கவிழ்த்தாலும் அசையாது. லேப் அண்ணன் அதை வெந்நீர் வாளிக்குள் வைத்து உருக்கிக்கொடுப்பார். விளிம்பிலிருந்து உருகத் தொடங்கி, நடுவில் ஒரு கட்டி மட்டும் கொஞ்ச நேரம் மிதந்துகொண்டிருக்கும். வகுப்பு முழுக்கச் சுற்றி நின்று பார்க்கலாம். பார்த்ததை எழுத ரெக்கார்டில் இடமில்லை; அது எந்தச் சோதனையின் பகுதியும் கிடையாது.

பெர்மாங்கனேட் தரம்பார்த்தலும் அப்படித்தான். கூம்புக்குடுவையில் ஆக்சாலிக் அமிலம், கூடவே நீர்த்த கந்தக அமிலம். 60, 70 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கத்தரிப்பூ நிறத்தில் விழுகிற முதல் சொட்டு உடனே மறையாது. குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுழன்று சுழன்று, வெளுத்து, மெல்லக் காணாமல் போகும். இரண்டாவது சொட்டு கொஞ்சம் சீக்கிரம். அடுத்தடுத்தவை விழுந்த கணமே மறையும். முதல் சொட்டு அழிந்தபோது உண்டான மாங்கனீசு அயனியே பின்னால் வருகிற சொட்டுகளுக்கு வினையூக்கியாகிவிடுகிறது. தன் வேலையைத் தானே வேகப்படுத்திக்கொள்ளும் வினை. குளிர் ஆய்வகத்தில் இந்த நாடகம் இன்னும் நீளும். அடுப்பிலிருந்து இறக்கிய குடுவை பேசி முடிப்பதற்குள் ஆறிவிடும். ஆறியபின் அவசரப்பட்டுச் சொட்டை விட்டால் இளஞ்சிவப்புக்குப் பதிலாகப் பழுப்புக் கலங்கல் வரும். "சார், டீ மாதிரி ஆயிடுச்சு" என்று ஒரு குரல் கேட்கும். கீழே கொட்டிவிட்டு முதலிலிருந்து செய்யச் சொல்வதுதான் வழக்கம். ஏன் பழுப்பு, அது மாங்கனீசு டை ஆக்சைடா, சூடு போனதாலா, அமிலம் போதாததாலா என்று பத்து நிமிடம் அங்கேயே நின்று பேசியிருந்தால் ஆக்சிஜனேற்ற எண் பாடம் பாதி முடிந்திருக்கும். அந்தப் பழுப்பு கரும்பலகையில் வராது. ஆனால் இரண்டு ரீடிங் ஒத்துப்போக வேண்டும், மூன்றாவது எடுத்ததாக எழுத வேண்டும், அடுத்த பேட்ச் வாசலில் நிற்கிறது.

ஆகக் குறைந்த மரியாதை மூக்குக்குத்தான். கரிமச் சேர்மப் பகுப்பாய்வில், கொடுத்த பொருள் கார்பாக்சிலிக் அமிலமா என்று பார்க்க ஆல்கஹாலும் இரண்டு சொட்டு அடர் கந்தக அமிலமும் விட்டுச் சூடாக்குவோம். எஸ்டர் உண்டாகி மணம் வரும். 'இனிய பழ மணம்' என்று எழுத வேண்டும். கொடுத்தது சாலிசிலிக் அமிலமாக இருந்து, ஊற்றிய ஆல்கஹால் மெத்தனாலாக இருந்தால் வருகிற மணத்தில் பழம் ஒன்றும் கிடையாது. ஒருமுறை ஒரு பையன் சோதனைக் குழாயை முகர்ந்துவிட்டுச் சட்டென்று சொன்னான்: "தைலக் கடை வாசம் சார்." முற்றிலும் சரி. உதகைக் கடைவீதியில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் விண்டர்கிரீன் தைலம் என்று அடுக்கி வைத்திருப்பார்களே, நீலகிரியில் தானே வளரும் கோல்தேரியாப் புதரின் இலையிலிருந்து எடுப்பது, அதில் கிட்டத்தட்ட முழுவதும் மெத்தில் சாலிசிலேட்தான். அவன் குழாயில் செய்ததும் அதே மூலக்கூறு. இலை ஒரு வழியில் செய்வதை அவன் வேறு வழியில் செய்து முடித்திருந்தான். அவன் ரெக்கார்டைப் பிறகு பார்த்தேன். 'இனிய பழ மணம்.'

பெற்றோரின் தொழிலை ஆய்வகத்துக்கு வெளியே நிறுத்திவிடும் பழக்கம் இதன் இன்னொரு முகம். யூகலிப்டஸ் இலையைக் கொப்பரையில் திணித்துத் தைலம் காய்ச்சும் கொட்டகைகள் இந்த மலையில் காலங்காலமாக இருக்கின்றன. அந்தத் தைலத்தின் முக்கியப் பொருளான சினியோலின் கொதிநிலை 176 டிகிரி. ஆனால் நீராவியோடு சேர்ந்து 100க்குள்ளேயே வெளியேறிவிடும். பதினொன்றாம் வகுப்பில் நீராவி வடித்தல் பாடம் வரும்போது பலகையில் ஒரு குடுவையும் குளிர்விப்பானும் வரைகிறோம். கொட்டகை அரை மைல் தள்ளிப் புகைந்துகொண்டிருக்கும்.

தேயிலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். என் வகுப்பில் பாதிக்கு மேல் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்களில் நிறைய. அந்தக் குடும்பங்களுக்கு வேலை கொடுக்கவென்றே அரசு உண்டாக்கிய தோட்டங்கள்தாம் பின்னால் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆயின. கொழுந்து பறிக்கும் கையில் விரல்நுனி கறுத்திருக்கும். சோப்புக்குப் போகாது. இலை கசங்கியவுடன் அதன் பாலிஃபீனால்களும், உயிரணுவுக்குள் தனியறையில் இருந்த பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதியும் காற்றோடு ஒன்று சேர்கின்றன. பச்சை இலை செம்பாகிறது, செம்பு கறுப்பாகிறது. ஃபேக்டரியில் இதே காரியத்தை வாடவைத்து, சி.டி.சி. உருளையில் நசுக்கி, பரப்பி வைத்துக் கணக்காகச் செய்கிறார்கள். அங்கே எல்லாரும் அதைப் 'பெர்மெண்டேஷன்' என்பார்கள். ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ இதில் வேலை செய்வதில்லை. இது வெறும் ஆக்சிஜனேற்றம். டிரையரின் சூட்டில் நொதி செத்தவுடன் நின்றுவிடும். நொதியின் வேலை, அதன் உகந்த வெப்பநிலை, சூட்டில் புரதம் இயல்பிழப்பது என்று உயிரியலும் வேதியியலும் ஆளுக்கொரு பாடமாக நடத்துவது முழுவதும் அந்தக் கூரைக்கடியில் ஒரே வரிசையில் நடக்கிறது.

ஃபீனாலைக் கண்டுபிடிக்க நடுநிலை ஃபெரிக் குளோரைடு விடுவோம், ஊதா நிறம் வரும். அதே கரைசலில் இரண்டு சொட்டை ஆறிய கட்டன் சாயாவில் விடச் சொன்னேன். மை போலக் கறுத்தது. ஒரு பெண் தன் பக்கத்துப் பெண்ணிடம், "எங்கம்மா கவ்வாத்துக் கத்தியைக் கழுவாம வச்சா இப்படித்தான்டி ஆகும்" என்றாள். இரும்பும் தேயிலைச் சாறும் சேர்ந்தால் கறுக்கும் என்று அவள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதை ஃபீனாலோடு யாரும் சேர்த்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தாவரவியல் டீச்சருக்கு வேறு தொல்லை. ஹைட்ரில்லாவைப் புனலால் மூடி, மேலே சோதனைக் குழாயைக் கவிழ்த்து, வெயிலில் வைத்தால் ஆக்சிஜன் குமிழி வரும். ஜூனில் பள்ளி திறந்தால் ஆடி முடியும்வரை வெயிலுக்கு எங்கே போவது? சன்னலுக்கு வெளியே மூடுபனி. குமிழி ஒன்றிரண்டு வந்தால் உண்டு. ஒளி குறைந்தால் ஒளிச்சேர்க்கை குறையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டாம். குமிழி வராததும் ஒரு முடிவுதானே. 'குமிழிகள் வெளிவருகின்றன' என்றே நோட்டில் இருக்கும். விலங்கியலிலோ தவளையின் வாழ்க்கை: முட்டை, தலைப்பிரட்டை, வால் சுருங்குதல், தவளை. சோலைக்காட்டு ஓரத்தில் இரவெல்லாம் டிக் டிக்கென்று கூப்பிடுகிற விரல்நுனி அளவுப் புதர்த்தவளைகள் இந்தப் படத்துக்குக் கட்டுப்படுவதில்லை. அவற்றின் முட்டைக்குள்ளேயே எல்லாம் முடிந்து, சின்னஞ்சிறு தவளையாகவே வெளியே வரும். தலைப்பிரட்டைப் பருவம் தண்ணீரில் கிடையாது. இந்தப் பேரினத்துக்கு ராவோர்செஸ்டெஸ் என்று பெயர். பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த சி.ஆர். நாராயண ராவின் பெயரிலிருந்து வந்தது. வகுப்பறை வாத்தியார் ஒருவரின் பெயரைத் தவளை சுமக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ஆய்வகத்துக்கு வெளியே நின்றுவிடும் இன்னோர் இடம் நடுவட்டம். உதகையிலிருந்து கூடலூர் இறங்கும் சாலையில் இருக்கிறது. 1860களில் இங்கேயும் தொட்டபெட்டாவிலும் குயினின் தரும் சிங்கோனா மரங்களை நட்டார்கள். தென் அமெரிக்காவிலிருந்து கிளமெண்ட்ஸ் மார்க்கம் ஏற்பாட்டில் வந்த விதையையும் நாற்றையும் உதகைத் தாவரவியல் பூங்காவின் மெக்ஐவர் வளர்த்தார். மரத்தில் பட்டையைக் கீற்றாக உரித்துவிட்டு, உரித்த இடத்தில் பாசியைச் சுற்றிக் கட்டினால் மறுபடி வளரும் பட்டையில் சத்து கூடுகிறது என்று கண்டவர் அவர். மலையில் காடு திருத்தச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த சிறையும் நடுவட்டத்தில் இருந்தது. குயினின் வரலாற்றில் அவர்களுக்கும் இடம் தர வேண்டும். 1866இல் சென்னை அரசு பிராட்டன் என்ற வேதியியலாளரைப் பட்டையைப் பகுத்தறிவதற்கென்றே இங்கே அனுப்பியது. அதே ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஒரு குழு, பட்டையிலுள்ள நான்கு அல்கலாய்டுகளையும் காய்ச்சல்காரர்களுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்க்கத் தொடங்கியது. குயினின் மட்டுமல்ல, மற்ற மூன்றும் ஏறக்குறைய அதே அளவு வேலை செய்கின்றன என்று தெரிந்தது. பட்டைத் தூளில் சுண்ணாம்பு சேர்த்து அல்கலாய்டை விடுவிப்பது, எண்ணெய்க்குள் இறக்குவது, கந்தக அமிலத்தால் உப்பாக்கி வெளியே இழுப்பது: காரமும் அமிலமும் மாறிமாறிச் செய்யும் இந்த வேலை பிளஸ் டூ மாணவருக்குப் புரியாத ஒன்றல்ல.

எல்லாம் மலேரியாவுக்காக. நடுவட்டத்து விளிம்பில் நின்றால் கீழே கூடலூர், அதற்கப்பால் முதுமலை, வயநாடு. அந்தக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களின் இரத்தம் மலேரியாவுக்கு வேறொரு பதில் வைத்திருந்தது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின். டி.என்.ஏ.யில் ஒரே ஒரு எழுத்து மாற்றம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மாற்றம் வந்திருந்தால் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு. இருவரிடமிருந்தும் வந்தால் ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாளாக வளைந்து, சிறு குழாய்களை அடைத்து, எலும்புக்குள் வலியாக இறங்கும். குளிர் பட்டால் இன்னும் மோசம். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாளணு இருப்பதைக் கண்டு எழுதினார்கள். இந்தியாவில் இந்நோயைப் பற்றிய முதல் பதிவுகளில் அது ஒன்று. அதே ஆண்டில் வெளிவந்த இன்னொரு பதிவு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றியது.

பாடப்புத்தகத்தில் அரிவாளணு இரத்தசோகை சில வரிகள். புள்ளிச் சடுதிமாற்றத்துக்கு எடுத்துக்காட்டு, இரண்டு மதிப்பெண் கேள்வி. மற்ற ஊர்களில் அப்படியே நடத்திவிட்டுப் போகலாம். இங்கே முடியாது. இந்தப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "எங்க அத்தை பையனுக்கு இதான் சார். மழைக்காலம் வந்தா கைகால் வலின்னு கத்துவான். ஆஸ்பத்திரியில இதே படத்தைக் காட்டுனாங்க" என்றான். விலங்கியல் ஆசிரியர் அன்று மாலை என்னிடம் வந்து, அடுத்த வகுப்பில் குடும்ப மரபுவழி வரைபடம் வரையச் சொல்வதா வேண்டாமா என்று கேட்டார். அவரவர் குடும்பத்தை வரையச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தோம். யார் நோயாளி, யார் கடத்தி என்று வகுப்பின் முன் தெரிவது நாளைக்கு ஒரு பெண்ணின் கல்யாணம்வரை போகும். அதற்காகப் பாடத்தை இரண்டு மதிப்பெண்ணாகவும் விட முடியாது. கற்பனைக் குடும்பம் ஒன்றை வைத்துப் பன்னெட் கட்டம் போட்டார். கடத்திகள் இருவர் மணந்தால் நான்கில் ஒரு பங்கு. "அப்ப முதல் பிள்ளைக்கு வந்துட்டா மத்த மூணுக்கும் வராதுல்ல?" என்று கேள்வி வந்தது. வரலாம், ஒவ்வொரு பிறப்புக்கும் கணக்கு புதிதாகத் தொடங்கும். அதை விளக்க அவர் நாணயத்தைச் சுண்டிக்காட்டியே ஒரு பீரியடு முழுவதையும் செலவிட்டார். என் கணக்கில், அந்த ஆண்டு அந்தப் பள்ளியில் நடந்த மிக நல்ல செய்முறை வகுப்பு அது. கருவி, இரண்டு ஒரு ரூபாய் நாணயங்கள். கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையும், கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும் பல ஆண்டுகளாக இந்நோய்க்காக வேலை செய்துவருகின்றன. பரிசோதனை எங்கே எடுக்கலாம் என்று கேட்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்லி அனுப்பினார்.

அரிவாளணு நோயாளிகளுக்குத் தவறாமல் கொடுக்கும் மாத்திரை ஃபோலிக் அமிலம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிவதால் எலும்பு மச்சை ஓயாமல் புதியவற்றைச் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு ஃபோலேட் தேவை. வாரம் ஒருமுறை பள்ளியில் இரும்புச்சத்தோடு சேர்த்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் நீல மாத்திரையிலும் அதுதான். இந்தப் பொருளைத் தேடிய பாதை குன்னூர் வழியாகப் போகிறது. 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதிகளின் சாப்பாட்டைப் போட்டு வளர்த்துக்கொண்டிருந்தார். சீக்கியர் சாப்பாட்டில் எலி கொழுத்தது, நம் சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாட்டில் மெலிந்தது. அங்கே 1929இல் வந்து வேலை செய்தவர் லூசி வில்ஸ். பம்பாயில் கர்ப்பிணிப் பெண்களிடம் கண்ட ஒருவகை இரத்தசோகைக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். ஈஸ்ட் சாறான மார்மைட்டில் ஏதோ ஒன்று அதைக் குணமாக்குகிறது என்று பிறகு காட்டினார். அந்த ஏதோ ஒன்றைத்தான் ஃபோலேட் என்று பின்னால் தெரிந்துகொண்டார்கள். மெக்காரிசனுக்கு அடுத்து வந்த அய்க்ராய்டு 1937இல் குன்னூரிலிருந்து வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல்தான், சமச்சீர் உணவுப் பாடத்தில் இன்றும் நாம் கரும்பலகையில் எழுதிப்போடும் பட்டியல்களுக்கெல்லாம் மூதாதை. 1958இல் அவர்களுடைய உணவு ஆய்வுக்கூடம் மட்டும் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது.

பிளஸ் டூ வேதியியலில் ஃபோலிக் அமிலம் வைட்டமின் அட்டவணையில் ஒரு வரி. விலங்கியலில் அரிவாளணு வேறொரு பாடம். மாத்திரையைக் கொடுப்பவர் வகுப்பாசிரியர். பெயரைச் சுகாதாரத்துறைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வதோடு அவர் வேலை முடிந்தது. மூன்றும் ஒரே பிள்ளையின் உடம்புக்குள் போகின்றன என்பதால், தாவரவியல் டீச்சரும் விலங்கியல் ஆசிரியரும் நானும் ஒரு வாரத்துக்குப் பீரியடுகளை மாற்றிக்கொண்டோம். சிங்கோனா அவர், அரிவாளணு இவர், ஃபோலிக் அமிலம் நான். அறிவியல் மன்றக் கூட்டம் என்று நோட்டீஸ் போட்டதால் கலைப் பிரிவிலிருந்தும் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியர் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, "போர்ஷன் முடிஞ்சிருமா?" என்று மட்டும் கேட்டார். முடியவில்லை. மின்வேதியியலில் பாதி மீந்துபோய், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைத்து முடித்தோம்.